மாடியில் ஒரு சர்வர்

எனக்குச் சந்தேகம் அதிகம். நானாகக் கண்டுபிடித்ததல்ல, வீட்டிலும் அலுவலகத்திலும் சொல்லிச் சொல்லி ஒப்புக்கொண்டது. ஓட்டலில் பில் வந்தால் ஒருமுறை கூட்டிப் பார்ப்பேன். காய்க்காரர் எடை போடும்போது தட்டைப் பார்க்காமல் அவர் விரலைப் பார்ப்பேன். பாளையங்கோட்டையில் ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில் எழுத்தர் வேலை. வருகிற சான்றிதழ்களில் போலியைக் கண்டுபிடிக்கும் பொறுப்பு என் மேசைக்குத்தான் வரும். என் குணத்துக்குச் சர்க்காரே சம்பளம் கொடுக்கிறது என்று மனைவியிடம் பெருமையடித்துக்கொள்வேன்.

இப்படிப்பட்டவனின் போட்டோக்கள் அத்தனையும் முகம் தெரியாத ஏதோ ஒரு கம்பெனியின் கணினியில் கிடந்தன. மாமனார் மாமியார் உயிரோடு இருந்த காலத்துப் படங்கள், கல்யாண ஆல்பத்தைப் பக்கம் பக்கமாகப் படம் பிடித்தது, வீட்டுப் பத்திரத்தின் நகல், எல்லாம். ஒருநாள் இடம் நிரம்பிவிட்டது, இனி மாதாமாதம் பணம் கட்டு என்று போனில் செய்தி வந்தது. பணம் கேட்டதில் எனக்கு வருத்தமில்லை. இத்தனை வருஷம் ஏன் சும்மா வைத்திருந்தான் என்ற கேள்விதான் குடைந்தது. சும்மா ஒருவன் என் மாமியார் படத்தை வைத்துக் காப்பாற்றுவானா?

அப்போதுதான் வீட்டிலேயே சர்வர் வைக்கிற யோசனை வந்தது. பெரிய விஷயமில்லை. இடைவிடாமல் ஓடுகிற ஒரு கணினி. நம் படங்களும் தாள்களும் அதில் இருக்கும். நாம் எங்கே இருந்தாலும் போனில் எடுத்துப் பார்த்துக்கொள்ளலாம். அடுத்தவன் தயவு வேண்டாம். போகப்போக இரண்டாவது கணினி, வாசல் கேமராவின் பதிவு என்று விரித்துக்கொண்டே போகலாம். இணையத்தில் இதை லேப் என்கிறார்கள். வெளிநாட்டுக்காரர் ஒருவர் தன் லேபைக் காட்டினார். ஆளுயர அலமாரி, உள்ளே நீல விளக்குகள். அந்த அலமாரி விலைக்கு எங்கள் தெருவில் ஒரு கார் ஷெட் போட்டுவிடலாம்.

என் திட்டம் இருபதாயிரத்துக்குள். பழைய டைரி ஒன்றை எடுத்து எழுத ஆரம்பித்தேன். எந்த அறை, எவ்வளவு சூடு, எவ்வளவு சத்தம், மாதம் எத்தனை யூனிட் இழுக்கும். மாடியில் ஓர் அறை சும்மா கிடந்தது. மேற்கு வெயில் நேராக அடிக்கும் என்பதால் சித்திரை வைகாசியில் உள்ளே நிற்க முடியாது. வடக்குச் சுவரோரம், தரையிலிருந்து ஓரடி தூக்கி, பழைய தையல் மிஷின் மேசையில் வைப்பதென்று முடிவாயிற்று. ரௌட்டர் கீழே கூடத்தில். அங்கிருந்து மாடிக்கு ஒரு கேபிள். மனைவி இதற்கு "மாடிப்பெட்டி" என்று பெயர் வைத்துவிட்டாள், பெட்டி வருவதற்கு முன்பே.

பெட்டியைத் தேடி அலைந்த கதை தனி. புதிதாக வாங்கப் பணம் போதாது. அலுவலகங்களில் கழித்துப் போடும் கணினிகள் மலிவாகக் கிடைக்கும், ஆனால் அவற்றின் பூர்வோத்தரம் யாருக்குத் தெரியும்? ஹார்டு டிஸ்க் இதுவரை எத்தனை மணி நேரம் சுழன்றது என்று அதற்குள்ளேயே ஒரு கணக்கு இருக்கும். அதையும் அழித்துவிட்டு விற்கிறார்கள் என்று எங்கோ படித்துவிட்டேன். அவ்வளவுதான். ஜங்ஷன் பக்கம் நான்கு கடைக்காரர்களிடம் நான் கேட்ட கேள்விகளுக்கு நான்காமவர், "சார், பொண்ணு பாக்க வந்தியளா, பெட்டி வாங்க வந்தியளா?" என்றார்.

கடைசியில் மனைவிதான் சொன்னாள். "ஊரெல்லாம் சுத்துதிய. என் தம்பி கடையிலயும் ஒரு வார்த்த கேட்டா என்ன கொறஞ்சா போவிய?"

அவளுடைய தம்பி ஜங்ஷனில் மாடிப்படியை ஒட்டிய சின்னக் கடையில் கணினி பழுது பார்ப்பவன். முப்பத்தைந்து வயதாகிறது, கல்யாணம் இன்னும் தகையவில்லை. கடைக்குப் பின்னாலேயே ஓர் அறையில் இருந்துகொண்டான். ஞாயிற்றுக்கிழமை மதியம் மட்டும் எங்கள் வீட்டில் சாப்பாடு. மாமனாரும் மாமியாரும் போனபின் என் மனைவிக்குப் பிறந்த வீடு என்று மிச்சம் இருப்பது இவன் ஒருவன்தான். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. வாரம் முழுக்கச் சொல்லாத கதைகளை ஞாயிற்றுக்கிழமைக்கென்று சேர்த்து வைத்து அவனிடம் சொல்லுவாள். அவன் ஒருவாரம் வராவிட்டால் திங்கட்கிழமை முழுக்க அவள் முகம் சரியாக இருக்காது. இது தெரிந்தும் அவன் கடைக்கு நான் முதலில் போகாததற்குக் காரணம், உறவுக்காரனிடம் பொருள் வாங்கினால் குற்றம் சொல்ல முடியாது என்பதுதான். நான் குற்றம் சொல்லுவேன் என்று எனக்கே தெரிந்திருந்தது.

அவன் ஒரு வாரத்தில் பெட்டியைக் கொண்டுவந்தான். சென்னையில் ஏதோ அலுவலகத்தில் ஓடியது. இரண்டு ஹார்டு டிஸ்க். ஒன்றில் எழுதுவது அப்படியே மற்றதிலும் எழுதப்படும், ஒன்று செத்தாலும் படங்கள் தப்பும். பிரித்துத் தூசி தட்டி, விசிறிக்கு எண்ணெய் விட்டு, சிப்பின் சூட்டைத் தணிக்கும் பசையை மாற்றி வைத்தான். கரண்ட் போய் வந்தால் தானாகவே எழுந்துகொள்ளும்படி செய்தான். வெளியூரிலிருந்து போனில் உள்ளே வருவதற்கு ஒரு வழியும் வைத்தான்.

"எனக்கும் ஒரு சாவி வச்சிருக்கேன் அத்தான். ஏதாவது கோளாறுன்னா கடையிலயிருந்தே பாத்துக்கிடுதேன்" என்றான். சாவி என்றது கடவுச்சொல்லை.

சரி என்று தலையாட்டினேன். ஆனால் டைரியில் குறித்துக்கொண்டேன்.

"ஒரு யூ.பி.எஸ். மட்டும் வாங்கிக்கிடுங்க அத்தான். பொசுக்குனு கரண்ட் போனா டிஸ்க்குக்கு ஆகாது." 

இதற்குத்தான் காத்திருந்தேன். பெட்டியை மலிவாகக் கொடுத்துவிட்டு யூ.பி.எஸ்.ஸில் பிடிக்கப் பார்க்கிறான். "பட்ஜெட்ல இல்ல மாப்ள" என்று முடித்துவிட்டேன். கரண்ட் போனதும் கீச்சுக்கீச்சென்று ஊரைக் கூட்டும் அந்தக் கருவி மட்டும் இருந்திருந்தால் இனிச் சொல்லப்போவது எதுவும் நடந்திருக்காது.

ஒரு மாதம் நன்றாகப் போயிற்று. அலுவலகத்தில் மதிய இடைவேளையில் போனை எடுத்து என் சர்வருக்குள் போய் வருவேன். பக்கத்து மேசைக்காரருக்கு மாமியார் படத்தைக் காட்டினேன். அவர் எதற்கு என்று கேட்கவில்லை.

பிறகு ஒரு கிருத்திகைக்குத் திருச்செந்தூர் போனோம். வரிசையில் நிற்கும்போது போனை எடுத்தேன். சர்வர் இல்லை. நூறு தடவை முயன்றும் இல்லை. டவர் சரியில்லை என்று விட்டுவிட்டேன். வீடு வந்து மாடிக்குப் போய்ப் பார்த்தால் சமர்த்தாக ஓடிக்கொண்டிருக்கிறது.

அடுத்து முக்கூடலில் ஒரு சடங்கு வீடு. அங்கேயும் இல்லை. வந்து பார்த்தால் இருக்கிறது. என்னுடன் வேலை பார்ப்பவர் மகள் கல்யாணத்துக்குப் புன்னக்காயல் போனபோதும் அப்படியே. அலுவலகத்திலிருந்து பார்த்தால் ஒருநாளும் தவறாமல் வருகிறது. நாங்கள் இருவரும் ஊருக்குப் போனால் மட்டும் செத்துப்போகிறது. கரண்ட் போயிருக்குமோ என்றால், கீழே கூடத்தில் இருக்கும் ரௌட்டர் அந்த நேரமெல்லாம் உயிரோடுதான் இருக்கிறது, அதைப் போனிலேயே பார்க்கலாம். ஆகவே வீட்டில் கரண்ட் இருந்திருக்கிறது. இதைக் கண்டுபிடித்தபோது எனக்கு என் மூளைமீது மிகுந்த மரியாதை ஏற்பட்டது.

கணினி தன்னைப் பற்றித் தானே எழுதிக்கொள்ளும் பதிவேடு ஒன்று உண்டு. எப்போது எழுந்தது, என்ன செய்தது என்று வரிசையாக இருக்கும். அதைத் திறந்து டைரியோடு ஒப்பிட்டேன். திருச்செந்தூர் போன அன்று நாங்கள் கிளம்பிய நேரத்தில் பதிவு பாதியில் நின்றிருக்கிறது. திரும்பிவந்த நேரத்தில் மறுபடி தொடங்குகிறது. முக்கூடலுக்கும் அப்படி. புன்னக்காயலுக்கும் அப்படி. நாங்கள் எப்போது வீட்டைவிட்டுக் கிளம்புகிறோம், எப்போது திரும்புகிறோம் என்று யாருக்கோ தெரிந்திருக்கிறது.

யாருக்குத் தெரியும்? தம்பிக்குப் போன் செய்யாமல் என் மனைவி செருப்பை மாட்டியதில்லை. "கெளம்பிட்டோம்லே." வந்ததும், "வந்து சேந்துட்டோம்லே." அவனிடம்தான் சாவியும் இருக்கிறது.

கடவுச்சொல்லை மாற்றினேன். அதன்பிறகும் ஒருமுறை தென்காசிக்குப் போனபோது செத்தது. மாற்றியபிறகும் உள்ளே வருகிறான் என்றால் பெட்டிக்குள் வேறு என்னவோ வைத்திருக்கிறான். எதற்காக? பெட்டி கெட்டுவிட்டது என்று சொல்லி இன்னொன்றை விற்பதற்காக இருக்கலாம். வீட்டுப் பத்திரத்தைப் பார்ப்பதற்காக இருக்கலாம். அந்தப் பத்திரத்தில் அவனுக்கு வேண்டியது எதுவும் இல்லை என்று தெரிந்தும் அப்படித்தான் நினைத்தேன். சந்தேகம் ஓட ஆரம்பித்துவிட்டால் எனக்குக் காரணம் தேவைப்படுவதில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவன் சாப்பிட உட்கார்ந்தான். மனைவி சாளை மீன் குழம்பு ஊற்றிக்கொண்டிருந்தாள். நான் டைரியை எடுத்து இலைக்குப் பக்கத்தில் வைத்தேன்.

"மாப்ள, ஒண்ணு கேக்குதேன், நெசத்தச் சொல்லு. என் பெட்டிக்குள்ள என்னத்த வச்சிருக்க?"

அவன் சிரித்தான். விளையாட்டு என்று நினைத்திருக்கிறான். நான் தேதிகளை ஒவ்வொன்றாகப் படிக்கப் படிக்கச் சிரிப்பு போய்விட்டது.

"அத்தான், நான் எதுக்கு அதச் செய்யப்போறேன்?"

"அதத்தாம்லே நானும் கேக்குதேன்."

லே என்று அவனை நான் அதுவரை அழைத்ததில்லை. மனைவி குழம்புக் கரண்டியைச் சட்டியில் போட்டாள். "சாப்புடும்போது என்ன பேச்சு இது" என்றாள், என்னிடமா அவனிடமா என்று தெரியாத மாதிரி.

அவன் கையைக் கழுவிவிட்டு மாடிக்குப் போனான். பத்து நிமிடம் பதிவேட்டைப் பார்த்தான். நான் பின்னாலேயே நின்று அவன் எதையாவது அழிக்கிறானா என்று கவனித்தேன். எதையும் அழிக்கவில்லை. திரும்பித் திரும்பி அதே நேரங்களைப் பார்த்தான். அறைச் சுவரிலிருந்த சுவிட்சைப் பார்த்தான். கீழே இறங்கி வந்து, மாடிப்படி ஓரமாகக் கொஞ்சம் நின்று, அக்காவின் முகத்தை ஒரு தடவை பார்த்தான்.

"மெஷின் பழசுதான் அத்தான். நான் சரியாப் பாக்காம குடுத்துட்டேன். என் தப்புதான். ரூவாயத் திருப்பித் தந்துருதேன்."

மறுநாளே பணம் என் போனுக்கு வந்துவிட்டது. எனக்கு எப்படி இருந்தது தெரியுமா? போலிச் சான்றிதழ் ஒன்றைப் பிடித்த அன்று இருப்பதுபோல் இருந்தது. குற்றம் இல்லாதவன் பணத்தைத் திருப்பிக் கொடுப்பானா? பெட்டியை அவன் கேட்கவில்லை. நானும் கொடுக்கவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவன் வரவில்லை. அதற்கடுத்ததும் இல்லை. கடையில் வேலை என்று அக்காவிடம் சொல்லியிருக்கிறான். நான்கு மாதம் ஞாயிற்றுக்கிழமைகளில் வேலை. மனைவி என்னோடு சண்டை போடவில்லை. கேட்டதற்குப் பதில் சொன்னாள், கேட்காததைச் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை மீன் வாங்குவது நின்றுவிட்டது. போனில் அவனோடு பேசும்போது நான் வந்தால் பின்கட்டுக்குப் போய்விடுவாள். இரண்டு பேரும் சேர்ந்து எதையோ மறைக்கிறார்களோ என்று அதற்கும் ஒரு சந்தேகம் வந்தது. ஒருநாள் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டேன். "ஒனக்கு ஒரு எடத்துல பாத்து முடிச்சிட்டா நானும் நிம்மதியா இருப்பேன். இங்கன வராட்டாலும் பரவால்ல, நல்லாச் சாப்புடு" என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தாள்.

பெட்டியை நெல்லை டவுனில் வேறொருவரிடம் காட்டினேன். மூன்று நாள் வைத்திருந்து, "குத்தம் ஒண்ணும் இல்ல அண்ணாச்சி, சொகமா ஓடுது" என்று கொடுத்துவிட்டார். இவரும் அவனுக்குத் தெரிந்தவராக இருப்பாரோ என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டு வந்தேன்.

பிடிபட்டது ஒரு காலை வேளையில். முக்கூடலில் புதுவீடு பால் காய்ச்சு. கிளம்பி, தெருமுனை தாண்டவில்லை, பழக்கத்தில் போனை எடுத்தேன். சர்வர் இல்லை. வீட்டைப் பூட்டி ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. இன்று கையும் களவுமாகப் பிடித்துவிட வேண்டும் என்று திரும்பி ஓடினேன். மனைவி பட்டுச்சேலையும் பையுமாகப் பின்னால் வந்தாள்.

பூட்டைத் திறந்து மாடிக்கு ஏறினேன். அறையில் சத்தமே இல்லை. விசிறி நின்றிருந்தது. சுவரில் சுவிட்சைப் போட்டேன், விளக்கு எரியவில்லை. கீழே வந்து மாடிப்படிக்கு அடியில் குனிந்து பார்த்தேன். மாடிக்குத் தனியாக ஒரு மெயின் சுவிட்ச் உண்டு. அது கீழே இறக்கியிருந்தது.

"இத யாரு அமத்துனா?"

"நான்தான்" என்றாள் மனைவி, என்ன கேள்வி இது என்பதுபோல.

அதோடு நான் நிறுத்தியிருக்க வேண்டும். நிறுத்தவில்லை. கத்தினேன். மண்டையில் ஏதாவது இருக்கா, நாலு மாசமா நான் பைத்தியக்காரனாட்டம் அலையுதேன், ஒரு வார்த்த சொல்லத் தெரியாதா என்று வாசல் வரை கேட்கக் கத்தினேன். எதிர்வீட்டுக்காரர் வெளியே வந்து பார்த்துவிட்டு உள்ளே போனார்.

அவள் பையைக் கீழே வைத்தாள். 

"வெளிய கெளம்பும்போது மாடி மெயின அமத்தணும்னு நீங்கதான சொன்னிய. இஸ்திரிப்பெட்டிய யாரோ அமத்தாம வந்துட்டாவன்னு. பதினெட்டு வருசமா நான்தான் அமத்துதேன். வந்தா மோட்டார் போடணும்னு நான்தான் ஏத்துதேன். அதுல ஒங்க பெட்டியும் சேந்து அணையும்னு எனக்கு என்ன தெரியும்? ஒருநாள் நீங்க கேட்டியளா?"

உண்மைதான். ஊருக்குக் கிளம்பினால் எங்கள் வீட்டில் ஒரு சடங்கு. கேஸ் வால்வு நான், பின்கதவுத் தாழ்ப்பாள் நான், முன்பூட்டை மூன்று தடவை இழுத்துப் பார்ப்பது நான். மாடி மெயின் அவள். யாரையும் நம்பாமல் நானே போட்ட சட்டம். நான் பின்கட்டில் தாழ்ப்பாளை ஆட்டிக்கொண்டிருக்கும் நேரத்தில் அவள் வேலை முடிந்துவிடும். இஸ்திரிப்பெட்டியை அன்று அணைக்காமல் வந்தவனும் நான்தான்.

பால் காய்ச்சுக்குப் போகவில்லை. அவள் சேலையை மாற்றிவிட்டு அடுக்களையில் உட்கார்ந்துவிட்டாள். அழவில்லை. நான் ஒரு மணி நேரம் கூடத்துக்கும் வாசலுக்கும் நடந்துவிட்டு ஜங்ஷனுக்கு பஸ் ஏறினேன்.

அவன் கடையில் தனியாக இருந்தான். ஒரு லேப்டாப்பைத் திறந்து போட்டு ஸ்குரு கழற்றிக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் எழுந்து ஸ்டூலைத் தூக்கி வைத்தான். நான் உட்காரவில்லை.

"மாப்ள, பெட்டில ஒண்ணும் இல்ல. மாடி மெயினு..."

"தெரியும் அத்தான்."

"எப்பத் தெரியும்?"

"அன்னைக்கு மேல வந்து பாத்தேம்லா. நீங்க போற நேரம் சாவுது, வார நேரம் எந்திக்குது. கீழ ரௌட்டரு ஓடுது. அப்பமே மாடி லைன அமத்துதாவன்னு தெரிஞ்சுபோச்சு. நீங்க அமத்தியிருந்தா ஒங்களுக்கு நெனவு இருக்கும். அப்ப அக்காதான்."

"அன்னைக்கே சொல்லியிருக்கலாம்லா? நாலு மாசம்..."

அவன் ஸ்குருவை ஒரு கிண்ணத்தில் போட்டான். "சொன்னா அக்காவ ஏசுவிய. சாப்பாட்டுல உக்காந்துக்கிட்டு, என் முன்னால. அவ தாங்கமாட்டா. என்னன்னாலும் நான் வெளிய உள்ளவன். தப்பு என்னோடதுன்னே நெனச்சிக்கிட்டுப் போங்கன்னு விட்டுட்டேன்."

எனக்கு வெட்கமாக இருந்தது. அதைவிட வலித்தது வேறொன்று. வீட்டில் ஒரு சுவிட்ச் தவறுக்கு நான் என்ன செய்வேன் என்று இவனுக்குச் சந்தேகமே இல்லை. அவ்வளவு உறுதியாகத் தெரிந்திருக்கிறது. பணமும் போய், பேரும் போய், அக்கா வீட்டுச் சாப்பாடும் போனாலும் பரவாயில்லை என்று ஒருவன் முடிவெடுக்கும் அளவுக்கு.

மன்னித்துக்கொள் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவன் நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தான்.

"ஏசிட்டியளா?"

இல்லை என்று சொல்லிவிடலாம். நாக்கு வரை வந்தது. நான் திறந்து கிடந்த லேப்டாப்பைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அவன் ஸ்குரு டிரைவரைக் கீழே வைத்தான். லேப்டாப்பின் மேல் ஒரு துணியைப் போட்டான். பக்கத்துக் கடைக்காரரிடம், "அண்ணாச்சி, கொஞ்சம் பாத்துக்கிடுங்க, அக்கா வீடு வரைக்கும் போயிட்டு வாரேன்" என்றான். தெருவில் அவன் பைக் கிளம்பும் சத்தம் கேட்டது. என்னை வருகிறீர்களா என்று கேட்கவில்லை.

நான் பஸ் பிடித்து வீடு வந்து சேர முக்கால் மணி நேரம் ஆகிவிட்டது. வாசலில் அவன் செருப்பு கிடந்தது. உள்ளேயிருந்து மனைவியின் குரல் கேட்டது. நான்கு மாதக் கதையை ஒரே மூச்சில் சொல்லுகிற மாதிரி விடாமல் பேசிக்கொண்டிருந்தாள். நடுவில் ஒருமுறை சிரித்தாள். அந்தச் சிரிப்பை எங்கள் வீட்டில் கேட்டு எத்தனை நாளாயிற்று என்று நினைத்துக்கொண்டே படியேறினேன்.

நான் உள்ளே கால் வைத்ததும் பேச்சு நின்றுவிட்டது. இருவரும் என்னைப் பார்த்தார்கள். போலிச் சான்றிதழை நீட்டுகிறவனை நான் எப்படிப் பார்ப்பேனோ அப்படி. அவன்தான் முதலில் எழுந்தான். "வாங்க அத்தான், உக்காருங்க" என்று என் வீட்டில் எனக்கு நாற்காலியை நகர்த்திப் போட்டான். அவள் எழுந்து அடுக்களைக்குள் போனாள்.